வாரம் ஓர் அட்டைப்படம்: பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் 'அலை'களை உருவாக்கிய விதம்

கேள்வியைச் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் இசை வாரப் பத்திரிகைகள், ஓர் இசைத்தட்டுகூட வெளியிடாத குழுவை 'நாட்டிலேயே சிறந்த புதுக்குழு' என்று அட்டையில் போட்டதும், ஆண்டுக்கு ஒரு புதிய 'அலை'யை அறிவித்ததும், பிறகு அதே குழுக்களைத் தரையில் போட்டு மிதித்ததும் ஏன்? பின்னணியில் காசு கைமாறியதா? அந்தப் பழைய இதழ்களை நம்பி இன்று ஒருவர் இசை கேட்கத் தொடங்கலாமா?

காசுதான் காரணம் என்ற விளக்கம் எளிதாக இருக்கிறது. ஆனால் அது பாதிக்கும் குறைவான உண்மை. இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரத்தில்தான் அந்தப் பத்திரிகைகள் பிழைத்தன என்பதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என்றாலும், பணம் கொடுத்துப் புகழ்ச்சி வாங்கியிருந்தால் பெரிய நிறுவனங்களின் பெரிய நட்சத்திரங்கள்தான் வாராவாரம் அட்டையில் வந்திருப்பார்கள். வந்தவர்களோ பெரும்பாலும் லண்டனின் கேம்டன் பக்கத்து மதுக்கடையின் பின்னறையில் நூறு பேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்த பையன்கள். அவர்களை அட்டைக்குக் கொண்டுவந்தது நாள்காட்டி என்றுதான் நான் சொல்வேன். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம், ஐம்பத்திரண்டு அட்டை. அட்டைக்குத் தகுதியான நட்சத்திரமோ நாட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களிலும் பாதிப்பேர் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருப்பார்கள், மீதிப்பேர் ஸ்டுடியோவில் அடைந்து கிடப்பார்கள். மிச்சமிருக்கும் நாற்பது அட்டைகளுக்கு யாரையாவது நட்சத்திரமாக்கியே தீர வேண்டும்.

இதில் போட்டி வேறு. மெலடி மேக்கர் 1926-இல் தொடங்கியது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், அதாவது எல்லோரும் என்.எம்.இ. என்று சொல்வது, 1952-இல் வந்தது. சவுண்ட்ஸ் 1970-இல் சேர்ந்துகொண்டது. ரெக்கார்ட் மிரரும் இருந்தது. கையில் மை ஒட்டும் மட்டமான தாளில் அச்சான இந்த வாரப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே வாசகனின் சட்டைப்பைக்காகச் சண்டையிட்டன. எதிராளி ஒரு குழுவை முதலில் அட்டையில் போட்டுவிட்டால், அதையே அடுத்த வாரம் நாமும் போடுவது மானக்கேடு. ஆகவே யாரும் கேள்விப்படாததை முந்திக்கொண்டு சொல்பவனே கெட்டிக்காரன் என்ற வழக்கம் ஆசிரியர் குழுக்களில் ஊறிப்போனது. என்.எம்.இ.யும் மெலடி மேக்கரும் ஐ.பி.சி. என்ற ஒரே நிறுவனத்தின் சொத்துகள் என்பது இந்தக் கதையில் ஒரு வேடிக்கை. ஒரே முதலாளியின் இரண்டு சேவல்கள் போலத்தான் அவை மோதிக்கொண்டன.

நாட்டின் அளவும் முக்கியம். அமெரிக்காவில் ரோலிங் ஸ்டோன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. ஒரு குழு சியாட்டிலில் புகழ் பெற்று நியூயார்க்குக்குச் செய்தி போய்ச் சேரவே மாதங்கள் ஆகும், வானொலி நிலையங்களோ ஊருக்கு ஒன்று. பிரிட்டனில் நாடு முழுவதும் பி.பி.சி.யின் ஒரே ரேடியோ 1 கேட்டது, அதன் அறிவிப்பாளர் ஜான் பீல் இரவில் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அபெர்டீனிலும் பிரைட்டனிலும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். லண்டனில் நடந்த கச்சேரிக்கு ஓர் எழுத்தாளர் போய் இரவே விமர்சனம் தட்டினால், சில நாளில் அச்சாகி, அடுத்த கச்சேரிக்குள் மண்டபம் நிரம்பிவிடும். மண்டபம் நிரம்பியதைப் பார்த்து இசைத்தட்டு நிறுவனம் ஓடிவரும். நிறுவனம் ஓடிவந்ததை வைத்துப் பத்திரிகை இன்னொரு கட்டுரை எழுதும். நம்மவர்கள் 'பில்டப்' என்று சொல்வது அங்கே வெறும் வாய்ப்பந்தலாக நிற்காமல், கொஞ்ச நாளுக்காவது தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும் வலிமை பெற்றிருந்தது. இதைச் சொல்லும்போது, பிரிட்டனில் பாடல் விற்பனைப் பட்டியல் என்ற வழக்கமே ஒரு பத்திரிகையின் கண்டுபிடிப்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: 1952 நவம்பரில் என்.எம்.இ.யின் பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளுக்குத் தொலைபேசி செய்து எது விற்கிறது என்று கேட்டுக் குறித்ததுதான் முதல் பட்டியல்.

தனிக்குழுவைத் தூக்கிப்பிடிப்பதைவிட லாபமானது 'அலை'யை அறிவிப்பது. ஒரு குழு ஒரு வாரத்துக்குத்தான் தீனி. அலை என்றால் நான்கைந்து குழுக்கள், அவர்கள் கூடும் கிளப், அவர்கள் போடும் உடை, எதிர்ப்பாளர்களின் கடிதங்கள் என மூன்று மாதத்துக்குப் பக்கம் நிரம்பும். அதற்கு மூலதனம் ஒரு பெயர் மட்டுமே. 1979 மே மாதம் கேம்டனின் மியூசிக் மெஷின் அரங்கில் அயர்ன் மெய்டன், சாம்சன், ஏஞ்சல் விட்ச் ஆகிய மூன்று குழுக்கள் ஒரே இரவில் வாசித்தன. சவுண்ட்ஸ் இதழில் ஜெஃப் பார்ட்டன் எழுதிய அந்த விமர்சனத்துக்கு, ஆசிரியர் ஆலன் லூயிஸ் 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்று தலைப்புக் கொடுத்தார். அந்தக் குழுக்களுக்குள் இசைரீதியாகப் பெரிய உறவு இருந்ததாகத் தனக்கே தோன்றவில்லை என்றும், ஒரே சமயத்தில் இத்தனை பேர் கிளம்பியதுதான் கவனத்தை ஈர்த்தது என்றும் பார்ட்டன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இருந்தும் அந்தப் பெயர் நின்றது. பங்க் என்ற எளிய, ஆவேசமான ராக் இசை வந்த பிறகு செத்துவிட்டதாகக் கருதப்பட்ட ஹெவி மெட்டலை ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் உண்மையில் இருந்தார்கள். தலைப்பு அவர்களை ஒருவரையொருவர் பார்க்க வைத்தது. சவுண்ட்ஸின் சிறப்பிதழாகத் தொடங்கிய கெராங்! 1981-இலிருந்து தனிப் பத்திரிகையாகவே வளர்ந்தது.

அதே வித்தை கீழே எதுவும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ரோமோவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1995-இன் இறுதி, பிரிட்டிஷ் கிட்டார் குழுக்களின் பிரிட்பாப் அலை உச்சியில் இருக்கிறது, எங்கு பார்த்தாலும் விளையாட்டு ஜாக்கெட்டும் பியர் கோப்பையுமாக ஆண்பிள்ளைத்தனம். மெலடி மேக்கரின் சைமன் பிரைஸ், டெய்லர் பார்க்ஸ் ஆகிய இருவருக்கும் அது சலித்துவிட்டது. லண்டனில் கிளப் ஸ்கின்னி, ஆர்க்கேடியா என்று இரண்டு கேளிக்கை இரவுகளில், எண்பதுகளின் தொடக்கத்து ஒப்பனையும் சிந்தசைசரும் ஆசைப்பட்டு ஒரு சிறு கூட்டம் கூடியது. 'ரொமான்டிக் மாடர்னிசம்' என்பதைச் சுருக்கி 'ரோமோ' என்று பெயரிட்டு, நவம்பர் மாத இதழ் ஒன்றின் அட்டையில் அதை ஏற்றினார்கள். ஆர்லாண்டோ, பிளாஸ்டிக் ஃபென்டாஸ்டிக், டெக்ஸ்டெக்ஸ்டர், வீவா, ஹாலிவுட் என்று குழுக்களின் பட்டியல், கொள்கை விளக்கம், இலவச ஒலிநாடா, 1996-இன் தொடக்கத்தில் பத்திரிகையே முன்நின்று நடத்திய சுற்றுப்பயணம் என்று கல்யாண ஏற்பாடு அத்தனையும் நடந்தது. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு, ரோமாபுரி எரியும்போது பிடில் வாசித்த கதையைத் திருப்பி, 'ரோமோ எரியும்போது பிடில்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கேலியும் அவர்களுடையதுதான், தீர்ப்பும் அவர்களுடையதுதான் என்று ஆனது. மண்டபங்கள் காலியாகக் கிடந்தன, கோடைக்குள் அலை அடங்கிவிட்டது. அதில் மிகவும் பாவப்பட்டவர்கள் ஆர்லாண்டோ. நல்ல சோல் இசையை நேசித்த இரண்டு இளைஞர்கள். அவர்களுடைய ஆல்பம் 1997-இல் வெளியானபோது, விமர்சனம் எழுதுபவர்கள் நெற்றியில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டைத்தான் படித்தார்கள். என் கணிப்பில், பெயர் வைத்தவர்களின் நேர்மையை இங்கே சந்தேகிக்க இடமில்லை. பிரைஸும் பார்க்ஸும் உண்மையிலேயே நம்பி எழுதினார்கள். மிகைப்புகழ்ச்சியின் பெரும்பகுதி அப்படி நம்பி எழுதப்பட்டதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு என்.எம்.இ. பரப்பிய 'புதிய அலையின் புதிய அலை'யைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்மாஷ், தீஸ் அனிமல் மென் என்ற இரண்டு குழுக்களின் பங்க் வேகத்தை வைத்துக் கட்டிய கூடாரம். பிரிட்பாப் வந்ததும் காற்றோடு போனது.

இனி, வெற்றி பெற்ற பில்டப். ஸ்வேட் குழு 1992 ஏப்ரல் 25 தேதியிட்ட மெலடி மேக்கரின் அட்டையில், 'பிரிட்டனின் சிறந்த புதுக்குழு' என்ற வரியோடு வந்தது. அவர்களுடைய முதல் சிங்கிள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட இசைத்தட்டு, கடைக்கு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து, மே 11 அன்று. இதைத்தான் எல்லோரும் மிகைப்புகழ்ச்சியின் உச்சம் என்று மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த அட்டைக்கு முன்பு அவர்கள் மூன்று ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்காமல் லண்டனில் அலைந்தவர்கள். கிட்டார் வாசித்த பெர்னார்டு பட்லரையே என்.எம்.இ.யில் வரி விளம்பரம் கொடுத்துத்தான் தேடிப்பிடித்தார்கள். இடையில் கொஞ்ச காலம், பிறகு நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற ரிக்கி ஜெர்வைஸ் அவர்களுக்கு மேலாளராக இருந்தார். அட்டையில் ஏறியபோது கைவசம் பாட்டுகள் தயாராக இருந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் முதல் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கே போனது, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசும் கிடைத்தது. இதற்கிடையில் செலக்ட் மாத இதழ், பாடகர் பிரெட் ஆண்டர்சனின் படத்துக்குப் பின்னால் பிரிட்டிஷ் கொடியை ஒட்டி, அமெரிக்கர்களை வீட்டுக்குப் போகச் சொல்லும் தலைப்போடு 1993 ஏப்ரலில் வெளியிட்டது. பிரிட்பாப் என்ற பெரும் வணிகத்துக்கு அதைப் பிள்ளையார் சுழி என்று சொல்லலாம். அந்தக் கொடி தன் படத்தின் பின்னால் வைக்கப்பட்டதை ஆண்டர்சன் வெறுத்தார் என்பது கதையின் மறுபக்கம்.

இதற்கு நேர்மாறாக, அதே 'சிறந்த புதுக்குழு' பட்டத்தை 2000 ஜனவரியில் என்.எம்.இ. வேல்ஸைச் சேர்ந்த டெரிஸ் என்ற குழுவுக்கு அட்டையில் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தை யாரும் கவனிக்கவில்லை. இன்று அந்தப் பெயர் பத்திரிகைகளின் தவறான ஆரூடத்துக்கு உதாரணமாக மட்டும் பயன்படுகிறது. ஸ்வேட்டுக்கும் டெரிஸுக்கும் புகழ்ச்சியின் அளவு ஒன்றுதான். குழு எத்தனை ஆண்டு வெயிலில் காய்ந்தது என்பதில்தான் வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்தாறு பாட்டோடு அட்டையில் ஏறியவன், மற்றவர்கள் இருட்டில் செய்யும் பிழைகளை எல்லாம் ஊர் பார்க்கச் செய்ய வேண்டியிருக்கிறது.

காசு விஷயத்துக்குத் திரும்புகிறேன். பத்திரிகையின் பசியை நன்றாகப் புரிந்துகொண்டு அதை முறையாகப் பயன்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். சியாட்டிலில் சப் பாப் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய புரூஸ் பேவிட்டும் ஜோனதன் போன்மனும், 1989-இல் மெலடி மேக்கரின் எவரெட் ட்ரூவுக்கு விமானச் செலவு கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்தார்கள். நிறுவனத்தின் கையிருப்போ வாடகைக்கே திண்டாடும் நிலை. ட்ரூ திரும்பிப்போய் சியாட்டிலை ராக் இசையின் தலைநகரம் என்பதுபோல எழுதினார். சப் பாப்பின் குழுக்களை உள்ளூர் அமெரிக்கப் பத்திரிகைகள் பொருட்படுத்துவதற்கு முன்பே லண்டனில் டிக்கெட் விற்றது. 'லண்டனே பேசுகிறது' என்ற சான்றிதழோடு அந்த இசை அமெரிக்காவுக்குத் திரும்பியது. அந்தக் குழுக்களில் ஒன்றான நிர்வாணாவின் வெற்றிக்கு அவர்களுடைய பாட்டுகளே காரணம். ஆனால் கதவைத் தட்டியது ஒரு விமான டிக்கெட். உறவுகள் இப்படித்தான் இருந்தன. உறையில் பணம் போட்டுக் கொடுப்பதைவிட, பயணம், விருந்து, நட்பு, ஒரே ஆள் இரண்டு தொப்பி போட்டுக்கொள்வது ஆகியவைதான் அதிகம். சவுண்ட்ஸில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த ஆண்டி ராஸ், பிளர் குழுவைப் பதிவுசெய்த ஃபுட் ரெக்கார்ட்ஸை நடத்தியவர்களிலும் ஒருவர். 1999-இல் ஆரவாரத்தோடு வந்து 2002-இல் கலைந்த கே டாட் குழுவின் பாடகர் கிளிஃப் ஜோன்ஸ், அதற்கு முன்பு இசைப் பத்திரிகையாளராகவே இருந்தவர்.

பெயர் வைப்பதில் ஓர் அநியாயம் உண்டு. தோலின் நிறத்தைப் பார்த்து அலை கட்டுவது. 1997 வாக்கில், லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் டால்வின் சிங் நடத்திய அனோகா என்ற கிளப் இரவைச் சுற்றி 'ஏஷியன் அண்டர்கிரவுண்டு' என்ற சொல் புழங்கத் தொடங்கியது. டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசையோடு தபலா வாசித்த டால்வின் சிங், மேடையில் அரசியல் முழங்கிய ஏஷியன் டப் ஃபவுண்டேஷன், மென்மையாக இசையமைத்த நிதின் சாஹ்னி ஆகிய மூவருக்கும் பொதுவாக இருந்தது பெற்றோரின் பூர்வீகம் மட்டுமே. டால்வின் சிங்குக்கு 1999-இல் மெர்குரி பரிசு கிடைத்தது. பரிசு வந்த கொஞ்ச காலத்தில் பத்திரிகைகளின் பார்வை வேறு பக்கம் திரும்பிவிட்டது. வெள்ளைக்காரக் குழுக்களின் அலை ஓய்ந்தால் அந்தக் குழுக்களின் கதை முடியும். இங்கோ அலை ஓய்ந்தபோது, 'அது போன வருடத்து விஷயம்' என்று ஒரு சமூகத்தின் இசையையே மூட்டைகட்டி வைத்தார்கள்.

தூக்கியவர்களே கீழே போட்டதற்கு வன்மம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் மறுபடியும் நாள்காட்டி. புதிய அலைக்கு இடம் வேண்டுமானால் பழையதைக் கலைக்க வேண்டும், கலைப்பதே ஒரு நல்ல கட்டுரை. இதைக் கிட்டத்தில் பார்க்க ஸ்லோடைவ் என்ற குழுவின் கதை போதும். சவுண்ட்ஸில் மேற்சொன்ன ஆண்டி ராஸ், மூஸ் என்ற குழுவின் பாடகர் தரையில் ஒட்டிவைத்த பாட்டுவரிகளைக் குனிந்து படித்தபடி பாடியதைக் கிண்டல் செய்ததிலிருந்து 'ஷூகேசிங்', அதாவது தன் காலணியையே பார்த்துக்கொண்டிருத்தல், என்ற பெயர் பிறந்தது. மெலடி மேக்கர் அதே கூட்டத்துக்கு 'தன்னைத்தானே கொண்டாடும் கூட்டம்' என்று இன்னொரு பெயரும் வைத்தது. 1990-91-இல் ஸ்லோடைவின் முதல் இ.பி.க்களை, அதாவது நான்கைந்து பாட்டு கொண்ட சிறு இசைத்தட்டுகளை, தலையில் வைத்து ஆடிய பத்திரிகைகள், கிரஞ்ச் என்ற சியாட்டில் ராக் இசையும் பிறகு ஸ்வேட்டும் வந்ததும் திரும்பிக்கொண்டன. 1993-இல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தைக் கேட்பதைவிடக் கஞ்சி நிறைந்த தொட்டியில் மூச்சுத்திணறிச் சாவேன் என்று மெலடி மேக்கரின் விமர்சகர் ஒருவர் எழுதினார். அவர்களுடைய இசையின் மெதுவான, மங்கலான அழகு மூன்று ஆண்டுகளில் மாறிவிடவில்லை. காலணியைப் பார்ப்பது பழைய வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். 1995-இல் நிறுவனமும் அவர்களைக் கைவிட்டது.

பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழை செய்வதும் உண்டு. 1995 ஆகஸ்டில் பிரிட்பாப்பின் இரு பெரும் குழுக்களான பிளரும் ஒயாசிஸும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டபோது, என்.எம்.இ. அதைக் குத்துச்சண்டைச் சுவரொட்டி போலவே அட்டையில் போட்டது, தொலைக்காட்சிச் செய்திவரை போனது, 2,74,000-க்கு 2,16,000 என்று பிளர் வென்றது. இரண்டுமே அந்தந்தக் குழுவின் சுமாரான பாட்டு என்பதை அன்று யாரும் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து வந்த ஒயாசிஸின் இரண்டாவது ஆல்பத்தை விமர்சகர்கள் பலர் அலட்சியமாகக் கடந்தார்கள். அதுவோ நாட்டின் வரலாற்றிலேயே மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றாகிவிட்டது. சூடுபட்ட பூனைகள் 1997 ஆகஸ்ட் 21 அன்று மூன்றாவது ஆல்பம் வந்தபோது எச்சரிக்கையாக நடந்துகொண்டன: மாத இதழான க்யூ ஐந்து நட்சத்திரம் கொடுத்தது, மற்றவையும் பின்னால் நிற்கவில்லை. முதல் நாளிலேயே 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எழுபது நிமிடத்துக்கும் மேல் நீளும், கிட்டார்மேல் கிட்டார் அடுக்கிய அந்த ஆல்பம் பழைய இசைத்தட்டுக் கடைகளில் குவியச் சில மாதங்களே ஆயின. ஒயாசிஸின் பாடலாசிரியர் நோயல் கேலகரே பிறகு அதைப் பழித்துப் பேசினார். எட்டாவது நிமிடத்தில் இன்னும் முடியாமல் இருக்கும் பாட்டைக் கேட்டு ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள், காதை நம்பவில்லை, போன முறை வாங்கிய அடியை நம்பினார்கள்.

சவுண்ட்ஸும் ரெக்கார்ட் மிரரும் 1991-இல் மூடப்பட்டன; 2000-இன் இறுதியில் மெலடி மேக்கர் என்.எம்.இ.யோடு இணைக்கப்பட்டு மறைந்தது. போட்டி தீர்ந்தால் நிதானம் வரும் என்று எதிர்பார்க்கலாம், வந்தது நேரெதிர். 2006 ஜனவரியில், ரசிகர்கள் இணையத்தில் தாங்களே பகிர்ந்து வளர்த்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே 3,60,000-க்கு மேல் விற்றது. அது கடைக்கு வந்த அதே மாதத்தில், எல்லாக் காலத்துக்குமான சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களின் பட்டியலில் என்.எம்.இ. அதை ஐந்தாவது இடத்தில் வைத்தது. கூட்டத்துக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவர்கள், அன்று கூட்டத்தின் பின்னால் ஓடிவந்து கொடியைப் பிடித்தார்கள். காசு கொடுத்து வாங்குவோர் வாரத்துக்கு 15,000 அளவுக்குச் சுருங்கிய பிறகு, 2015-இல் அது இலவச இதழாகி, 2018 மார்ச்சில் அச்சை நிறுத்திக்கொண்டது. ஆரூடம் சொல்லும் வேலை, பி.பி.சி. 2003 முதல் நடத்தும் 'இந்த ஆண்டின் ஒலி' தேர்வைப் போன்றவற்றின் கைக்குப் போனது. 2009-இல் அதன் முதலிடம் லிட்டில் பூட்ஸ் என்ற பாடகிக்குக் கிடைத்தது, முதல் ஐந்துக்குள் லேடி காகாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

பழைய இதழ்களை எப்படிப் படிப்பது என்ற கடைசிக் கேள்விக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். அட்டையையும் அலையின் பெயரையும் விட்டுவிட்டு, உள்ளே நடுப்பக்கங்களில் பொடி எழுத்தில் வந்த கச்சேரி விமர்சனங்களைப் படியுங்கள். எந்த ஊர், எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாட்டில் ஒலிபெருக்கி அலறியது என்று எழுதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரே குழுவைப் பற்றி இரண்டு ஆண்டு இடைவெளியில் அதே பத்திரிகை எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒத்துப்போகும் வர்ணனை எதுவோ அது இசையைப் பற்றியது, மீதி அந்த வாரத்தைப் பற்றியது. பெயர்களை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம். ரோமோ என்றால் இன்று யாருக்கும் தெரியாது; வசையாகப் பிறந்த ஷூகேஸையோ, அதை வைத்த பத்திரிகை மூடிய பிறகு பிறந்த பிள்ளைகள் தங்கள் இசைக்குப் பெயராகப் பெருமையோடு சூட்டிக்கொள்கிறார்கள். 2014-இல் மீண்டும் கூடிய ஸ்லோடைவின் 2023 ஆல்பம், பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1993-இல் கஞ்சித் தொட்டியே மேல் என்று அவர்களைப் பழித்த பத்திரிகை அதற்குள் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.